கொண்டைக்குள் மிளகாய்த்தூள்

எல்லோரும் மிளகாய்த்தூளைச் சட்டியில் போடுவார்கள். நான் அதைக் கொண்டைக்குள் சொருகிக்கொண்டு வேலைக்குப் போனவள். இதைச் சொல்ல வரும்போது இன்றைக்கும் என் குரல் தானாக இறங்கிவிடுகிறது. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பழைய பயம். கேட்டால் கேட்கட்டும் என்று என்னை நானே அதட்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டம். தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் நாங்கள் சொல்வோம். பத்தொன்பது வயதில் எனக்கு அந்த ஸ்டோரில், சல்லடைக் காம்பராவில் வேலை கிடைத்தது. காய்ந்து வந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கிற அறை அது. அதுவரை நானும் அம்மாவோடு மலையில் கொழுந்து எடுத்தவள்தான். மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, ஈரப் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும். படங்கு என்பது நனையாமலிருக்க இடுப்புக்குக் கீழே சுற்றுகிற முரட்டுத் துணி. நனையாமலிருக்க என்று பெயர்தான். ஸ்டோருக்குள் வந்த பிறகு என் கால் காய்ந்தது. கூரைக்கடியில் நின்று வேலை செய்கிறேன் என்பதே எனக்குப் பெரிய பெருமை.

அந்தப் பெருமைக்கு ஒரு ஆபத்து டயகமவில் இருந்தது. என் தாய்மாமன் அங்கே ஒரு தோட்டத்தில் கங்காணி. அவருடைய மகனுக்கு என்னைக் கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே போனால் மறுபடி கூடை, மறுபடி மழை. அப்பா இறந்துபோய், அக்காவை ராகலையில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா மட்டும், “ஒரு வருசம் போவட்டும், புள்ள சம்பாதிக்குது” என்று மாமாவுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சாக்கில்தான் என் பிழைப்பு ஓடியது.

இந்த நிலைமையில் ஒருவன் என்னை ரோட்டில் மறிக்க ஆரம்பித்தான்.

ஸ்டோர் ஆபீசில் தேயிலைப் பெட்டிகளின் நிறையை எழுதுகிறவன். பெரிய கணக்கப்பிள்ளையின் தம்பி. வழித்து வாரிய தலை, கையில் கடிகாரம். நாங்கள் எல்லோரும் அவனைப் பெட்டி ஐயா என்போம். அவனை அவன் என்று எழுதவே எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. வேலை முடிந்து மற்றப் பெண்கள் கீழ் லயங்களுக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, இறங்கிப் போவார்கள். மேல் டிவிசனுக்கு ஏறுகிறவள் நான் ஒருத்திதான். வழியில் ஒரு ஓடை, அதன் மேல் ஒரு மரப்பாலம், அதைத் தாண்டினால் சவுக்கு மரங்களுக்கு இடையில் ஒரு வளைவு. அவன் முதலில் வளைவில் நின்றான். “என்ன, பேசாமப் போற?” என்று மட்டும் கேட்டான். பிறகு பாலத்தின் மேல் நின்றான். பிறகு பாலத்தின் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றான். ஒருநாள் என் முந்தானையைப் பிடித்து, சிரித்துக்கொண்டே விட்டான்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். யாரிடம் சொல்வது? வீட்டுக்குத் தெரிந்தால் அவன் யார் என்று கேட்பதற்கு முன்னால் டயகமவுக்கு ஆள் போய்விடும். ஸ்டோரில் சொன்னால், அவன் அண்ணன் காதுக்குப் போய், என் பேரைச் சல்லடைக் காம்பராவிலிருந்து வெட்டிவிட்டு மலைக்கு அனுப்பிவிடுவார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. என்னிடம் ஏதோ கோளாறு இருக்கிறது, அதனால்தான் நிற்கிறான் என்று நான் உறுதியாக நம்பினேன். என் நடை சரியில்லையோ, காம்பராவில் நான் சத்தமாகச் சிரித்தேனோ, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வைத்துப்போன பூ கூடிப்போச்சோ என்று யோசித்து யோசித்து ஒவ்வொன்றாக நிறுத்தினேன். சிரிப்பை நிறுத்தினேன். பூவை நிறுத்தினேன். நிமிர்ந்து நடப்பதை நிறுத்தினேன். அவன் நிற்பதை நிறுத்தவில்லை.

மிளகாய்த்தூள் யோசனை அடுப்படியில்தான் வந்தது. சம்பல் இடிக்கும்போது ஒரு துளி கண்ணில் தெறித்து, கண்ணைத் திறக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அழுகை நின்றபோது, அட, இது நல்லா இருக்கே என்று தோன்றியது.

உடனே மிளகாய்க்குப் போகவில்லை. முதலில் மிளகை இடித்துப் பார்த்தேன். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால்வரை, இறக்குமதித் தடையால், மிளகாய் என்பது கடையில் கண்ணால் காணக் கிடைக்காத சாமான். அதைக் கொண்டுபோய் ஒருவன் முகத்தில் போடுவதா என்று மனசு வரவில்லை. ஆனால் மிளகு தும்மல்தான் தந்தது. தும்முகிற ஆள் ஓட மாட்டான், இன்னும் கிட்டத்தில் வந்து நம் மேலேயே தும்முவான். மிளகு வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

மிளகாயை அப்படியே இடித்த தூளும் சரிப்படாது. அதில் விதையும் தோலும் கிடக்கும், கனத்தில் கீழே விழும். கனமானது விழும், மெல்லியது பறக்கும் என்பதைச் சல்லடைக் காம்பராக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய வாயில் புடவைத் துணியில் கட்டித் தட்டித் தட்டி, பறக்கிற தூளை மட்டும் பிரித்தெடுத்தேன். வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. லயத்தின் பின்னால், தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் போய் நின்று ஒரு சிட்டிகையைக் காற்றில் விட்டேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிற புத்தி அன்று எனக்கு இல்லை. முழுவதும் என் முகத்துக்கே திரும்பி வந்தது. குடத்தோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா என் கண்ணைப் பார்த்துவிட்டு, “ஏன்டி அழுவுற? டயகமவுலேருந்து ஆளு வந்துட்டாங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் அப்போது சொல்லியிருப்பேன்.

அடுத்தது, எதில் வைப்பது. பவுடர் டப்பா பெரிசு. மாத்திரைப் போத்தல் சின்னது, ஆனால் அதன் மூடியைத் திருகித் திறப்பதற்குள் அவன் ஹட்டன் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடலாம். கடைசியில் காகிதம்தான். வெற்றிலைக்கடையில் சீவல் மடித்துத் தருகிற மாதிரி மடித்தேன், ஒரு முனையை இழுத்தால் முழுவதும் பிரிந்துவிடும். அதை இடுப்பு மடியில் வைக்க முடியாது. தேயிலையைத் திருடிக்கொண்டு போய்விடுவோம் என்று தினமும் சாயங்காலம் ஸ்டோர் வாசலில் ஒரு பெரியம்மா எங்கள் மடியை உதறிப் பார்ப்பாள். அதனால் கொண்டைக்குள் சொருகி, மேலே ஊசி குத்தினேன்.

ஸ்டோருக்குள் மிளகாய்த்தூள் கொண்டுபோவது தேயிலை திருடுவதைவிடப் பெரிய குற்றம். தேயிலைக்குப் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தைத் தேயிலை தனக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் நாங்கள் பூ வைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது, கருவாடு கொண்டுபோகக் கூடாது. டீமேக்கர் ஐயா, அதாவது ஸ்டோருக்கே பொறுப்பான பெரியவர், வெற்றிலைகூடப் போட மாட்டார். தெரிந்துதான் கொண்டுபோனேன். வேறு வழி தெரியவில்லை.

பொட்டலத்தைச் செய்தால் மட்டும் போதாது, அதைப் பேணவும் வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. எங்கள் ஊரில் மத்தியானத்திலேயே மூட்டம் இறங்கிவிடும். அடுப்படியில் வைத்த உப்பே தண்ணியாக ஓடும். கொண்டைக்குள் தேங்காய் எண்ணெய் வேறு. வாரத்துக்கு ஒருமுறை காகிதத்தை மாற்றி, புதுத்தூள் போட்டுக்கொண்டேன். தூளை அம்மாவின் டின்னிலிருந்து திருடினேன். அடுப்புக்கு மேலே பலகையில் இருக்கிற அந்த டின்னைத் திறக்கும்போதெல்லாம் வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அம்மா சிக்கனக்காரி, ஒரு கரண்டி குறைந்தாலும் கண்டுபிடிப்பாள். ஆனால் டின் குறையவே இல்லை. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

தூளை எடுக்க வேண்டிய நாளும் வந்தது. காலையிலிருந்து தூறல். வேலை முடிந்து நான் பாலத்தில் பாதி தூரம் வந்தபோது அவன் எதிர்ப்பக்கத்திலிருந்து பாலத்தில் ஏறினான். என் கை கொண்டைக்குப் போனது. ஊசியைப் பிடுங்கி, பொட்டலத்தை எடுத்து, முனையை இழுத்தேன். ஒன்றும் பறக்கவில்லை. ஈரத்தில் ஊறிக் கட்டியாகிப்போன தூள் காகிதத்தோடு சேர்ந்து அவன் காலடியில் தொப்பென்று விழுந்தது. அவன் குனிந்து அதை எடுத்தான்.

“என்னாது, எனக்கா கொண்டாந்த?” என்றான்.

நான் ஏதோ தின்பண்டம் ஆசையாக மடித்துக்கொண்டு வந்து கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்த பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான். பாலத்தின் கம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தான். அவன் சிரிக்கிற நேரத்தில் அவனை உரசிக்கொண்டு நான் ஓடினேன். கொண்டை அவிழ்ந்து தொங்க வீட்டுக்கு வந்து, விழுந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அவன் என் முந்தானையைப் பிடித்த அன்றுகூட எனக்கு இவ்வளவு அவமானமாக இல்லை.

மறுநாள் காம்பரா வாசலில் நின்று, “இன்னக்கி கறிக்குக் காரம் போதுமா?” என்று பொதுவாகக் கேட்டான். மற்றப் பெண்கள் ஏதோ பகிடி என்று நினைத்தார்கள். நான் சல்லடையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பகிடிக்குப் பயந்து பொட்டலத்தை விட்டுவிட முடியுமா? மறுபடி செய்தேன். ஆனால் இந்த முறை அதைக் காயவைத்துக்கொள்ள ஒரு இடம் வேண்டும் என்று பட்டது. வீட்டு அடுப்படியில் எப்போதும் அம்மா இருப்பாள். தோட்டத்திலேயே ஈரம் அண்டாத இடம் ஒன்றுதான். தேயிலையைக் காயவைக்கிற டிரையர். அது ஸ்டோருக்குள்ளேயே நாள் முழுக்கச் சூடாக நிற்கிறது. சூடான தேயிலை வெளியே விழுகிற வாய்க்கு மேலே, தூணுக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருந்தது. காலையில் போகிற போக்கில் பொட்டலத்தை அங்கே சொருகுவேன். சாயங்காலம் எடுத்துக் கொண்டைக்குள் வைத்துக்கொள்வேன். தூள் சலசலவென்று காய்ந்து கிடக்கும். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வாசம் இழுக்கிற தேயிலைக்கு நேர் மேலே மிளகாயைச் சுட வைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்டோரில் வேலை செய்கிறவள் செய்யக்கூடிய தப்பா அது? ஆனால் ஸ்டோரில் வேலை செய்கிறவளுக்குத்தானே டிரையர் பக்கத்தில் இருக்கும்.

ஒருநாள் மத்தியானத்துக்குப் பிறகு டிரையரில் நின்றவர் தும்மினார். பிறகு அடுத்தவர். பிறகு எங்கள் காம்பராவிலேயே ஒருத்தி இருமினாள். டிரையரின் நடுக்கத்தில் பொட்டலம் இடுக்கிலிருந்து நழுவி, சூடான தேயிலைக்குள் விழுந்துவிட்டது. டீமேக்கர் ஐயா வந்து ஒரு கைப்பிடி தேயிலையை அள்ளினார், அதில் வாயால் ஊதினார், முகர்ந்தார். அவர் முகம் மாறியது.

“கொச்சிக்கா வாசம் அடிக்குது” என்றார்.

எங்கள் பக்கத்தில் மிளகாயைக் கொச்சிக்காய் என்றுதான் சொல்வோம். அவர் தேயிலையைக் கிளறி, கருகின காகிதத்தை எடுத்து நீட்டினார். அந்தப் பக்கத்துத் தேயிலை முழுவதையும் ஒதுக்கச் சொன்னார். டிரையரை நிறுத்தினார்கள். பெண்கள் எல்லோரையும் பெட்டி நிறுக்கிற மேசைக்கு முன்னால் வரிசையாக நிற்கச் சொன்னார்.

“இது யாருது?” என்று கேட்டார். வாசல் பெரியம்மாவைக் கூப்பிட்டு எங்கள் மடியைப் பார்க்கச் சொன்னார். பார்த்தாள், ஒன்றும் இல்லை.

அப்போது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெட்டி ஐயா, பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னான்.

“கொண்டையில பாக்கச் சொல்லுங்க.”

ஆம்பிளைகள் மத்தியில் முடியை அவிழ்த்துப்போட்டு நிற்பது எங்களுக்குச் சாவு வீட்டில் மட்டும் நடக்கிற விஷயம். பெரியம்மா தயங்கினாள். டீமேக்கர் ஐயா தலையை ஆட்டினார். வரிசையில் முதலாவதாக நின்றவள் காம்பராவிலேயே மூத்த அக்கா, கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறவள். பெரியம்மா அவள் கொண்டையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து வாழைச் சருகில் மடித்த பொட்டலம் ஒன்று கீழே விழுந்து பிரிந்தது. சிவப்பாக இருந்தது.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பொட்டலம் எப்படி அங்கே போனது என்றுதான் யோசித்தேன், என்னுடையது டிரையரில் அல்லவா விழுந்தது.

டீமேக்கர் ஐயா அக்காவைப் பார்த்து, “ஓ, நீதானா? இத்தனை வருசம் வேல செஞ்சவ செய்யிற வேலயா இது?” என்று கேட்டார். அக்கா முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

டயகம, கூடை, மழை எல்லாம் என் கண்முன் வந்து நின்றது. இருந்தும் வாயைத் திறந்துவிட்டேன்.

“டிரையர்ல விழுந்தது என்னுதுங்க ஐயா. அக்காவோடது இல்லீங்க.”

“ஒன்னுதா? எதுக்கு?”

எதுக்கு என்ற கேள்விக்குப் பதில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. கூனிக் குறுகி நின்றேன். அப்போது அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“மாங்கா திங்கிறதுக்குங்க ஐயா.”

எங்கள் உயரத்தில் மாமரம் கிடையாது. அது மாங்காய்க் காலமும் இல்லை. பெரியம்மா அடுத்தவளின் கொண்டையை அவிழ்த்தாள். அதிலும் ஒரு பொட்டலம், துணியில் முடிந்து நூல் சுற்றியது. “மாங்கா திங்கங்க” என்றாள் அவள். அதற்கடுத்தவளிடம் சுண்ணாம்புத் தூள். யாரோடும் பேசாத, மூன்று பிள்ளைக்காரி ஒருத்தியின் முடிக்குள் பாதி பிளேடு இருந்தது. அவளும் மாங்காய் என்றுதான் சொன்னாள். மேசையின் மேல் எல்லாம் வந்து சேர்ந்தது. மாங்காய் என்றதும் சிரித்த ஆம்பிளைகள் சேரச் சேர அடங்கிப்போனார்கள். என் முறை வந்து என் கொண்டையை அவிழ்த்தபோது உள்ளே ஒன்றும் இல்லை.

டீமேக்கர் ஐயா மேசையைப் பார்த்தார். பிறகு மேசைக்குப் பின்னால் இருந்தவனைப் பார்த்தார்.

“கொண்டையில வைப்பாங்கன்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?”

“சும்மா... ஒரு இதுல சொன்னேங்க” என்றான் அவன். அவன் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது.

இனி ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தோம். டீமேக்கர் ஐயாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அது அவர் முகத்தில் தெரிந்தது. அவருக்கும் வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் இருந்தார்கள். நெற்றியைத் தேய்த்தார். பெரிய கணக்கப்பிள்ளையின் தம்பியை என்ன செய்வது என்று யோசித்தாரோ என்னவோ.

“கொச்சிக்காத்தூள ஸ்டோருக்குள்ள கொண்டு வரக் கூடாது” என்றார் கடைசியில். “வாசல்ல ஒரு பிஸ்கட் டின் வைக்கச் சொல்றேன். வரும்போது அதுல போட்டுட்டு வாங்க. போகும்போது எடுத்துட்டுப் போங்க.” அவனைப் பார்த்து, “நீ பெட்டிய நிறு” என்றார்.

அவ்வளவுதான். எங்களுக்குப் பேர் வெட்டவில்லை. அன்று அதை நாங்கள் பெரிய இரக்கமாக எடுத்துக்கொண்டு, “சரிங்க ஐயா, சரிங்க ஐயா” என்று குனிந்து குனிந்து சொன்னோம். அதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அவனுக்கு ஒரு வார்த்தை இல்லை, எங்களுக்கு ஒரு டின்.

எல்லாம் தெரிந்துபோன பிறகாவது நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்கலாம். பேசவில்லை. முடியை அவசரமாக அள்ளி முடிந்துகொண்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் சல்லடைக்குத் திரும்பினோம். சாயங்காலம் சேர்ந்து போயிருக்கலாம். அதுவும் இல்லை. அவரவர் பொட்டலத்தைப் பொறுக்கிக்கொண்டு அவரவர் வழியில் போனோம். நான் வெறும் கொண்டையோடு பாலத்தைக் கடந்தேன். அன்று அவன் வரவில்லை.

லயத்துக்குச் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் நான் ஏறி வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா மலையிலிருந்து வந்து, ஈரப் படங்கைக்கூட அவிழ்க்காமல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

“கதவச் சாத்து” என்றாள்.

சாத்தினேன். முடிந்தது கதை, விடிந்தால் டயகமவுக்கு ஆள் போகும் என்று நினைத்தேன். கதவிலேயே சாய்ந்து நின்றேன். அம்மா ரொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“காயிதத்துலயா மடிச்ச?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. “ஆமா” என்றேன்.

“காயிதத்துல மடிச்சா ஊறத்தான் செய்யும்.”

அம்மா எழுந்து, இடுப்பில் சுற்றியிருந்த படங்கைப் பிரித்தாள். அதன் உள்மடிப்பிலிருந்து விரலளவு பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற வெள்ளித்தாளில் மடித்தது. படங்கு முழுக்க நனைந்து சொட்டியது, பொட்டலத்தின் மேல் துடைத்தால் போகிற ஈரம்தான். முகர்ந்து பார்த்தேன், வாசமே இல்லை. பிரித்தேன். நான் வாயில் துணியில் சலித்ததைவிட மெல்லிய தூள், நல்ல சிவப்பு, சலசலவென்று கிடந்தது. டின் ஏன் குறையவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கும் சேர்த்துத்தான் அவள் இடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு அப்போது தலை பாதி நரைத்துவிட்டது. முன்பல் ஒன்று இல்லை. கிழிந்த கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு போகிறவள். அவள் பூ வைத்து நான் பார்த்ததில்லை, சத்தமாகச் சிரித்தும் பார்த்ததில்லை.

“இன்னுமாம்மா?” என்றேன்.

“வயசக் கேட்டுக்கிட்டா மறிக்கிறானுங்க?”

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் விறகு ஈரம் என்று சொல்கிற குரலில் சொன்னாள். யார் என்று நான் கேட்கவில்லை. என்னை மறித்தது யார் என்று அவளும் கேட்கவில்லை. எனக்கு மட்டும்தான் இந்தக் கேடு, என் நடையால் வந்தது, என் சிரிப்பால் வந்தது என்று எத்தனை மாதம் புழுங்கியிருக்கிறேன். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் அம்மா எந்த வழியாக, யாரோடு வீட்டுக்கு வருகிறாள் என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

“மாமாவுக்குச் சொல்லி அனுப்பிடுவியாம்மா?” என்று கேட்டேன்.

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

“எதுக்கு? டயகமவுல மட்டும் ரோடு இல்லியா?”

அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு எடுக்கவில்லை. வெள்ளித்தாள் பொட்டலத்தை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நான் அதைக் கொண்டைக்குள் வைத்து ஊசி குத்தும்போது, அவள் டின்னைத் திறந்து, தனக்குக் கொஞ்சம் தூளைப் பழைய பேப்பர் துண்டில் மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு வெள்ளித்தாள் இல்லை.

மறுநாள் ஸ்டோர் வாசலில் பிஸ்கட் டின் வைத்திருந்தார்கள். நான் அம்மாவின் பொட்டலத்தை அதில் போட்டுவிட்டு உள்ளே போனேன். அன்று விடிந்ததிலிருந்து மழை. அம்மா மலையில் நின்றாள். நான் கூரைக்கடியில் நின்று சலித்தேன்.